முட்கள் நிமிர்ந்து நின்றால்

எங்கள் வீட்டில் ஆணி அடிக்கும் உரிமை எனக்குக் கிடையாது. பல வருஷங்களுக்கு முன் சுவர்க் கடிகாரம் ஒன்றை மாட்டுவதற்காக நான் ஓர் ஆணி அடித்தேன். ஆணி உள்ளே போகவில்லை. சுவர்தான் வெளியே வந்தது. முக்கால் அடிக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்து, என் மனைவி அன்றைக்குச் சுத்தியலை எடுத்து ஒளித்து வைத்தவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை. கடிகாரம் பீரோவின் மேல் மல்லாந்து படுத்தபடியே மணி காட்டிக் கொண்டிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஆசாமி ஒரு மோட்டார் காருக்கு டாஷ்போர்டு மாற்றிய கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், நேயர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில், கென்ட் பிரதேசத்தில் ஒரு சிற்றூரில் என் பெண்ணும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். பேரனைப் பார்க்கிற சாக்கில் நாங்கள் அங்கே மூன்று மாதம் தங்கினோம். பேரனுக்குப் பாட்டி இருந்தாள். பாட்டிக்குப் பேரன் இருந்தான். எனக்குத்தான் பொழுது போகவில்லை. அப்படி ஒரு நாள் காலையில் வேலிக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்தேன். அண்டை வீட்டுக் கொட்டகையில் ஒரு விசித்திரமான கார் நின்றது. கூரை கிடையாது. கதவு கிடையாது. உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல். உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டால் விரல் ரோட்டில் உரசும் போல இருந்தது. அதன் முன் ஆசனத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அவர் பெயரை அச்சில் போட்டால் சங்கோசப்படுவார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பதால் வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம். வயது எழுபத்து நாலு.

“உங்களுக்கு வெள்ளெழுத்து உண்டா?” என்று கேட்டார் என்னிடம். நல்வரவு கூறுவதற்கு இது ஒரு புது மாதிரி!

“உண்டு. இருபது வருஷமாக” என்றேன்.

“அப்படியானால் இங்கே வந்து உட்கார்ந்து, இந்த முள் என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்.”

உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். ‘ஏறி’ என்று எழுத மாட்டேன். அந்தக் காரில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். எதிரே கறுப்புத் தோல் மாதிரித் துணி போர்த்த ஒரு பலகை. அதில் ஐந்து வட்டங்கள். தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டிருந்தபோது தெருக்கோடி மரத்தின் இலைகூடத் தெரிந்தது; பலகையில் ஐந்து பூச்சிகள்தான் தெரிந்தன. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் பூச்சிகள் எழுத்தாகின்றன, தெரு மறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஐந்தில் இரண்டு வட்டங்களை ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பு மறைத்துக் கொண்டிருந்தது.

“பார்த்தீர்களா? இதுதான் என் வழக்கு. இந்த மாதக் கடைசிக்குள் தீர்ப்பு” என்றார் வாத்தியார்.

வழக்கு என்னவென்று சொல்வதற்கு முன்னால், இந்தக் கார் என்ன ஜாதி என்று சொல்லிவிட வேண்டும். இதற்குக் ‘கிட் கார்’ என்று பெயர். முழுக் காராக வாங்குவதில்லை. சட்டம், உடம்புத் தகடு, மற்றத் துண்டு துணுக்கெல்லாம் பெட்டி பெட்டியாக வரும்; வீட்டுக் கொட்டகையில் வைத்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டியது. இதில் பேர் போனது காலின் சாப்மன் என்பவர் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன். அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கடுமையான கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கித் தானே பூட்டிக்கொள்கிறவனுக்கு அந்த வரி கிடையாது. ஆனால் எப்படிப் பூட்டுவது என்று எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பது நிபந்தனையாம். ஆகவே எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை படித்துப் பூட்டிக்கொண்டார் என்று ஒரு வேடிக்கை சொல்வார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளை எவனோ அந்தக் கம்பெனியில் இருந்திருக்க வேண்டும்!

1973-ல் அந்த வரி போய் வேறு வரி வந்தது. அதே வருஷத்தில் லோட்டஸ் செவனைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குக் கைமாறிற்று. ஆனால் கொட்டகையில் கார் கட்டும் ஆசை மட்டும் ஜனங்களை விட்டுப் போகவில்லை. அதே ஜாடையில் இன்னும் பல பேர் கிட் கார்கள் விற்றார்கள். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை மலிவாக வாங்கி, அதன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பின் அச்சையும் பிடுங்கிப் புதுச் சட்டத்தில் வைப்பது சர்வ சாதாரணம். வாத்தியாரின் கார் அந்த வகை. 1989-ல், இரண்டு குளிர்காலம் செலவழித்து, அவரும் அவர் மனைவியும் இதே கொட்டகையில் கட்டியது. ஸ்பானர் பிடித்து முடுக்குகிற வேலையெல்லாம் அவருடையது. அம்மாள் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர். மின்சாரக் கம்பிகள் முழுக்க அவர் பொறுப்பு. டாஷ்போர்டும் அவர் கைவேலைதான். அலுமினியத் தகட்டை வெட்டி, துளை போட்டு, துணி போர்த்திச் சமையலறை மேஜையில் வைத்துச் செய்தாராம். அம்மாள் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

சரி, வழக்குக்கு வருவோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அந்தி நேரம் வாத்தியார் காரில் திரும்பிக் கொண்டிருந்தார். எண்ணெய் வடிகட்டியின் ரப்பர் வளையம் விட்டுப் போய், எஞ்சின் எண்ணெய் சாலையெல்லாம் ஒழுகிக் கொண்டே வந்திருக்கிறது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. அந்த முள் தன் கடமையைச் செய்தது. ஆனால் அது இருந்த இடம் ஸ்டியரிங் விளிம்பின் பின்னால். வட்டமோ இரண்டு அங்குலம். பார்க்க வேண்டியவருக்கோ வெள்ளெழுத்து. எஞ்சினுக்குள் சுழலும் தண்டு உலோகத்தின் மேல் நேராக உட்கார்ந்து சுழல்வதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. அழுத்தம் போனால் படலம் போயிற்று. படலம் போனால் பேரிங்கு போயிற்று. ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்ட பிறகுதான் வாத்தியாருக்கு விஷயம் தெரிந்தது. பழுது பார்க்க மூன்று மாதமும் நிறையப் பணமும் ஆயின.

வாத்தியாருக்கு ஒரே பெண். பக்கத்து ஊரில் இருக்கிறாள். அவள் சொன்னாள்: “இன்றைக்கு எண்ணெய் முள் தெரியவில்லை. நாளைக்கு வேக முள் தெரியாது. காரை விற்றுவிடுங்கள், அப்பா.”

அவள் பயத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நாட்டில் எழுபது வயதானால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பலகையைப் படிக்கக் கண் இருக்க வேண்டும். இதை வாத்தியார் தண்ணீர் குடிக்கிற மாதிரி படித்துவிடுவார். சட்டம் தூரத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது. இரண்டரை அடியில் இருக்கும் முள்ளைப் பற்றிக் கேட்பதில்லை. பெண் கேட்டாள். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். வண்டியை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு முள்ளையும் அவர் சரியாகச் சொன்னால் கார் இருக்கும். இல்லையானால் விலை போகும்.

“ஆகையால் பலகையை மாற்றியே தீர வேண்டும்” என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு அந்தப் பழைய பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். இத்தனை நாள் ஏன் மாற்றவில்லை என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போது, “நாளை முதல் நான் கார் கட்டப் போகிறேன்” என்று அறிவித்தேன். சாம்பார்க் கரண்டி என் மனைவி கையில் நின்றது நின்றபடி நின்றது.

“அப்பா, சும்மா நிக்கிறதா இருந்தா போங்க. எதையும் தொடாதீங்க” என்றாள் என் பெண்.

“மாமா லேபிள் எழுதட்டுமே. எழுதத்தானே தெரியும்” என்றார் மாப்பிள்ளை. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா!

முதல் நாள், பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றினோம். எதைத் தொடுவதற்கும் முன்னால் இதுதான் முதல் காரியம் என்றார் வாத்தியார். பிறகு கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு கம்பியாக அவர் கழற்ற, நான் ஒட்டுக் காகிதத்தில் பெயர் எழுதிச் சுற்றினேன். மாப்பிள்ளை தம் கைப்போனில் படம் பிடித்து வைத்தார். பிரிட்டிஷ் கார்களில் கம்பிகளின் நிறத்துக்கு ஒரு பாஷை உண்டு. பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது வெள்ளை. அதுவே ஃப்யூஸைக் கடந்து வந்தால் பச்சை. சிவப்பு, சிறு விளக்குகளுக்கு. நீலம், பெரிய விளக்குகளுக்கு. கறுப்பு என்றால் ‘எர்த்’, அதாவது வந்த மின்சாரம் வீடு திரும்பும் வழி.

பலகை கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால், தகட்டின் பின்புறம் முழுவதும் பென்சில் எழுத்து. எந்தக் கம்பி எங்கே என்று அம்மாள் சிறிய, ஒழுங்கான எழுத்தில் குறித்து வைத்திருந்தார். வாத்தியாருக்கு அது அங்கே இருப்பதே மறந்து போயிருந்தது. படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நான் பொடிநடையாக வெளியே போய் ரோஜாச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து, மிச்சமிருந்த கம்பிகளுக்குப் பெயர் எழுதினேன். ஒரு மூலையில், தகட்டின் திருகாணி ஒன்றுக்கு அம்பு போட்டு, ‘இந்தக் கறுப்பு பலகைக்கு, மறக்காதே’ என்று எழுதியிருந்தது. அந்தக் கம்பி எந்த வட்டத்துக்கும் போகவில்லை. வெறும் தகட்டில் திருகியிருந்தது. “இது வேண்டியதில்லை, இந்தத் தகடுதான் போகப் போகிறதே” என்றார் வாத்தியார். எனக்கென்ன தெரியும்? இருந்தாலும் ‘பலகைக்கு’ என்று சீட்டு எழுதி ஒட்டி, அதை ஒரு பக்கமாகக் கட்டி வைத்தேன். கொடுத்த வேலையை முழுக்கச் செய்ய வேண்டும் அல்லவா?

அடுத்த நாள் புதுப் பலகைக்குத் திட்டம். டாஷ்போர்டு என்ற பேச்சே குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்காரன்மேல் படாமலிருக்க முன்னால் நிறுத்திய தடுப்புப் பலகைக்குத்தான் அந்தப் பெயர். குதிரை போயிற்று, சேறு போயிற்று, பெயர் மட்டும் நின்றது. பிறகு வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து குடியேறின. 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்ஸே என்பவர் வேகமானிக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் ஓர் உலோகக் கிண்ணத்தை அந்தச் சுழற்சி இழுக்கும். ஒரு சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். தொடாமலே இழுப்பது! மாமியார் மருமகள் விவகாரம் போல் இருக்கிறது, இல்லையா? ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் இதே தத்துவத்தில்தான் உலகத்துக் கார்கள் வேகம் பார்த்தன.

வாத்தியார் பலகையை முதலில் மரத்தில் வரையவில்லை. ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, பலகையின் அளவுக்கு வெட்டி, காரில் பொருத்தினார். காகிதத்தில் வட்டங்கள் வெட்டினார். பிறகு ஆசனத்தில் வழக்கமாக ஓட்டுகிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, “இன்னும் இடது பக்கம்... கொஞ்சம் மேலே... நில்லுங்கள்!” என்று சொல்ல, நான் வட்டங்களை ஊசியால் குத்தி நிறுத்தினேன். ஒட்டவில்லை, குத்தினோம். ஏனென்றால் மாற்ற வேண்டியிருந்தது, பதினேழு தடவை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் எது மறைகிறது, கை எதை மறைக்கிறது, பின்னால் எஞ்சின் சுவரில் எது இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன்னால் அழகாக உட்காரும் வட்டத்துக்குப் பின்னால் நாலு அங்குலம் ஆழம் இருக்க வேண்டுமே!

மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. முதலாவது: வேகமானியும் எஞ்சின் சுற்றுக் காட்டியும் புதிதாக, பெரிதாக, 100 மில்லிமீட்டர் அகலத்தில், கறுப்பில் வெள்ளை எழுத்து, இரண்டும் ஸ்டியரிங் விளிம்புக்குள் தெரிகிற மாதிரி.

இரண்டாவது: எண்ணெய், வெந்நீர், பெட்ரோல் ஆகிய மூன்று பழைய சின்ன வட்டங்களும் நடுப் பலகையில் வரிசையாக. பெட்ரோலுக்கும் பெரிய வட்டம் போட்டாலென்ன என்று நான் கேட்டேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டாங்கிக்குள் மிதவையோடு இருக்கும் கருவியும் பலகையில் இருக்கும் முள்ளும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். அமெரிக்க வழக்கத்தில் காலி டாங்கிக்கு 240 ஓம், நிறைந்த டாங்கிக்கு 33 ஓம். ஐரோப்பாவில் பெருவழக்காக இருக்கும் ஒரு வகையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றின் முள்ளை மற்றதன் மிதவையோடு சேர்த்தால் நிறைந்த டாங்கி காலியென்றும், காலி டாங்கி நிறைவென்றும் காட்டும். ஜாதகம் பார்க்காமல் ஜோடி சேர்க்கக் கூடாத இடம் இது ஒன்று!

சின்ன வட்டங்களை வெள்ளெழுத்துக்காரர் படிப்பது எப்படி? அதற்குத்தான் பந்தயக் கார்க்காரர்களின் பழைய யுக்தி ஒன்றைக் கையாண்டார். வட்டத்தை அப்படியே நேராக வைக்காமல், கொஞ்சம் திருகி வைப்பது. எஞ்சின் சுகமாக ஓடும்போது எண்ணெய் முள் எங்கே நிற்கும், வெந்நீர் முள் எங்கே நிற்கும் என்று பார்த்து, அந்த இடம் உச்சிக்கு வருகிற மாதிரி திருப்பி மாட்டுவது. எழுத்துக்கள் கோணலாகத்தான் இருக்கும். இருந்தால் என்ன? எழுத்தைப் படிக்க வேண்டியதே இல்லை. முட்கள் நிமிர்ந்து நின்றால் எல்லாம் க்ஷேமம். ஒன்று சாய்ந்தால் என்னவோ கோளாறு. இதைப் பார்க்கக் கண்ணாடிகூட வேண்டாம். மங்கலாகத் தெரிந்தாலே போதும்.

மூன்றாவது தீர்மானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணெய் அழுத்தம் 20 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் எரிகிற மாதிரி ஒரு பெரிய சிவப்பு விளக்கு, கண்ணுக்கு நேராக. “முள், பார்க்கிறவனுக்குத்தான் சொல்லும். விளக்கு, பார்க்காதவனையும் கூப்பிட்டுச் சொல்லும்” என்றார் வாத்தியார். நாற்பது வருஷம் பையன்களை மேய்த்தவர் வாக்கு. பின்பெஞ்சுப் பையனுக்கும் பாடம் ஏற வேண்டும் என்ற கவலை!

பிறகு மரவேலை. ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட். துளை போடும் வட்ட ரம்பத்தை முதலில் ஒரு கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்தோம். வட்டம் உள்ளே போய் உட்கார்ந்தது. பலகைக்கு அடியில் இன்னொரு கட்டையை வைத்து இறுக்கிக் கொண்டு வெட்டினால் மறுபக்கம் சிம்பு பெயராது. எல்லாம் சரி. ஆனால் கறுப்புத் துணியை ஒட்டித் துளைகளுக்குள் மடித்த பிறகு வட்டங்கள் உள்ளே போக மறுத்தன! துணிக்கும் தடிமன் உண்டு என்பது கணக்கு வாத்தியாருக்கு மறந்து போயிற்று. துணியை உரித்து, துளைகளை அரத்தால் ராவி, மறுபடி ஒட்ட ஒரு முழு நாள் போயிற்று. திறந்த கார்; மழை பெய்கிற ஊர். ஆகையால் துணி போர்த்துவதற்கு முன்னாலேயே பலகையின் முன்னும் பின்னும் ஓரங்களிலும் வார்னிஷ் பூசியிருந்தோம். ஓரத்தை விட்டால் தண்ணீர் அங்கேதான் குடிபுகும். பலகை அப்பளமாக வளையும்.

பலகையின் கீழ் விளிம்புக்கு மட்டும் அவர் எடுத்துக்கொண்ட சிரமம் என்னை ஆச்சரியப்படுத்தியது. வீட்டில் கட்டும் கார்களைப் பதிவு செய்யுமுன் சோதிக்கிற முறை பிரிட்டனில் 1998-ல் வந்தது. 2009-ல் அது வேறு பெயரில், இன்னும் கண்டிப்பாக மாறிற்று. விபத்தில் தலையும் முழங்காலும் இடிக்கக்கூடிய இடத்தில் கூர்மை இருக்கக் கூடாது. டாஷ்போர்டின் கீழ் விளிம்பு குறைந்தது 19 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும் என்கிறது அது பின்பற்றும் ஐரோப்பிய விதி. ஒன்பது மில்லிமீட்டர் பலகையில் அவ்வளவு உருட்ட முடியாது. ஆகவே பழைய படிக்கட்டுக் கைப்பிடிக் கழி ஒன்றை வெட்டிக் கீழே ஒட்டி, அதையும் சேர்த்துத் துணி போர்த்தினார். “உங்கள் கார் 1989-ல் கட்டியதாயிற்றே, இந்தச் சட்டம் உங்களைக் கட்டுமா?” என்றேன்.

“கட்டாது. ஆனால் என் முழங்காலுக்கு வருஷக் கணக்குத் தெரியாது” என்றார்.

சனிக்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. மறுநாள் தீர்ப்பு. பாட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு ‘ஜம்’மென்று எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்தது. எண்ணெய் முள் எழுந்து உச்சியில் நின்றது. சபாஷ்! ஆனால் அப்போதுதான் கிளப்பிய எஞ்சினில் வெந்நீர் முள் கொதிநிலையைக் காட்டியது. பெட்ரோல் முள் எங்கோ தறிகெட்டு நின்றது. வாத்தியார் விளக்கைப் போட்டார். அவ்வளவுதான், இரண்டு முட்களும் ஒரே சமயத்தில் துள்ளின. அணைத்தார், இறங்கின. போட்டார், துள்ளின. பெரிய வட்டங்கள் இரண்டும் அழகாக ஒளிவிட்டன. சின்ன வட்டங்கள் மூன்றுக்குள்ளும் ஒரே இருட்டு.

இருட்டுகிற வேளை. வாத்தியார் பலகைக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, “அவள் இருந்தால் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பாள். நாளைக்கு என் பெண்ணை வரவேண்டாமென்று சொல்லிவிடலாம், விற்றுவிடலாம்” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. விவரம் தெரியாதவனுக்கு ஒரே ஆயுதம் கேள்விதான். “ஸார், எண்ணெய் முள் மட்டும் ஏன் ஆடவில்லை?” என்று கேட்டேன்.

“அதற்கு மின்சாரம் கிடையாது. எஞ்சினிலிருந்து சின்னக் குழாயில் எண்ணெயே வந்து தள்ளுகிறது.”

“அப்படியானால் கோளாறு மின்சாரத்தில்தான். பெரிய வட்டங்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை?”

“அவை புதிது. அவற்றுக்கு எர்த் கம்பி கூடவே வந்தது. பழசுக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் பலகைக்கு அடியில், ஒரு பக்கமாகக் கட்டித் தொங்கிய கறுப்புக் கம்பியைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஆடிக்கொண்டிருந்தது: ‘பலகைக்கு’.

விஷயம் இவ்வளவுதான். பழைய பலகை உலோகம். வட்டங்களின் உலோக உடம்பு தகட்டைத் தொட்டுக் கொண்டிருந்தது. தகட்டிலிருந்து அந்த ஒரே கறுப்புக் கம்பி மின்சாரத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. தகடுதான் மூன்று வட்டங்களுக்கும் எர்த். மரத்தில் மின்சாரம் ஓடாது. தகட்டை எடுத்து மரத்தை வைத்ததும் வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. விளக்கின் மின்சாரம் அடுத்த வீட்டுச் சந்து வழியாக, அதாவது முட்களின் வழியாக, வெளியேறப் பார்த்தது. முட்கள் துள்ளின. அம்மாள் முப்பது வருஷத்துக்கு மேல் முன்பே ‘மறக்காதே’ என்று எழுதி வைத்திருந்தார்.

மூன்று வட்டங்களின் முதுகிலும் சங்கிலி போல ஒரு கறுப்புக் கம்பியைக் கோத்து, அந்தப் பழைய கம்பியோடு சேர்த்து முடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டார். சின்ன வட்டங்கள் மூன்றிலும் மெல்லிய வெளிச்சம் பரவிற்று. முட்கள் நகரவில்லை. வாத்தியார் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையெல்லாம் கறுப்பாயிற்று. அந்தக் கையோடுதான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்து குறித்த ஒரு மைல் தூரத்தை ஓட்டி, புதிய வேகமானிக்கு அந்தத் தூரத்தைச் சொல்லிக் கொடுத்தார். அது தண்டின் சுற்றுக்களை எண்ணி வேகம் சொல்லும் மின் கருவி. ஒரு மைலுக்கு எத்தனை எண்ணிக்கை என்று முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடக் காட்டலாம். குறைத்து மட்டும் காட்டக் கூடாது என்பது விதி.

மாலையில் பெண் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் போயிற்று. அதில் இரண்டே ஆசனங்கள். ஆகையால் நான் வேலியோரம் நின்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் மனைவிகூடப் பேரனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் இறங்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் இடத்திலிருந்துகூடத் தெரிகிறது, அப்பா. எண்ணெயும் வெந்நீரும் நேராக நிற்கின்றன” என்றாள். பிறகு சொன்னாள்: “வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. வருஷம் ஒரு முறை கண் டாக்டரிடம் போக வேண்டும்.”

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். “இருட்டிய பிறகு ஓட்டாவிட்டால் அந்த விளக்குகளுக்கு நாங்கள் பட்ட பாடெல்லாம் வீணா?” என்றார்.

“வீண்தான்” என்றாள் பெண். வாத்தியார் சம்மதித்தார். தோற்றும் ஜெயித்த முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

ஊர் திரும்புவதற்கு முன்னால் அவர் கொட்டகைக்கு ஒரு தடவை போனேன். பழைய அலுமினியப் பலகையைச் சுவரில் மாட்டியிருந்தார். முன்பக்கம் சுவரைப் பார்த்து. பென்சில் எழுதிய பின்பக்கம் நம்மைப் பார்த்து.

ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள் பீரோவின் மேலிருந்த கடிகாரத்தை இறக்கினேன். ஓர் அட்டையை வெட்டிச் சுவரில் வைத்து, மேலே, கீழே, இடது பக்கம் என்று நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வெகு நேரம் கவனித்தாள். பிறகு உள்ளே போய், இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, அட்டையை நீங்க பிடிச்சுக்குங்க. ஆணியை நான் அடிக்கிறேன்” என்றாள்.

கடிகாரம் இப்போது நிமிர்ந்து நிற்கிறது.